பன்னவாடியில் தண்ணீர் இல்லை

சாட்டிலைட் படத்துக்குத் தான் எந்த ஊருக்கு மேலே இருக்கிறோம் என்பது தெரியாது. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. படம் என்பது வெறும் வெள்ளையும் கருப்பும்தான். அடியில் ஆறும் ஊரும் மாவட்ட எல்லையும் போட்ட மேப் ஒன்று இருக்கும். அதன்மேல் படத்தை இழுத்து, இந்த முனை இங்கே, அந்த வளைவு அங்கே என்று புள்ளி வைத்துப் பொருத்த வேண்டும். பொருத்துகிறவள் சரியாகப் பொருத்தினால் மேகம் இருக்கிற ஊரில் இருக்கும். இல்லாவிட்டால் பக்கத்து ஊருக்குப் போய்விடும்.

நான் சேலத்தில் ஒரு தனியார் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர். வானிலை எனக்கு வேலை இல்லை, பைத்தியம். இலவசமாகக் கிடைத்த ஒரு மென்பொருளை இறக்கிவைத்துக்கொண்டு, தினமும் படத்தை எடுத்துப் பொருத்தி, சொந்தக்காரர்கள் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் போடுவேன். பாதிப் பேர் பார்க்கக்கூட மாட்டார்கள். கும்பிடுகிற இரண்டு கை மட்டும் பதிலாக வரும். எனக்குக் கோபம் வரும். ஒழுங்காகப் பார்த்த ஒரே ஆள் என் அக்காவின் வீட்டுக்காரர், என் மாமா.

அவர்களுக்கு மோகனூரில் ஆற்றோரத் தோட்டம். வாழை கொஞ்சம், மிச்சமெல்லாம் கோரை. பாய் பின்னுகிற கோரையை அறுத்துக் கிழித்து வெயிலில் பரப்பிவிட்டால் மூன்று நான்கு நாள் ஒரு சொட்டு மழை படக்கூடாது. பட்டால் கருத்துவிடும், பாய்க்காரர்கள் தொடமாட்டார்கள். அதனால் மாமாவுக்கு மேகம் என்பது விளையாட்டு இல்லை. காயப்போடுவதற்கு முன்னால் எனக்குப் போன் செய்வார். நான் சொன்னது நாலைந்து தடவை பலித்துவிட்டது. அதன்பிறகு டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு, "என்ற கொழுந்தியா பாத்துச் சொல்லிட்டாளாமா, இன்னிக்கு மழ இல்ல" என்று ஊருக்கே அறிவிப்பாராம். அக்கா சொல்லிச் சிரிப்பாள். எனக்கு உச்சி குளிர்ந்துபோகும். வெட்கமில்லாமல் ஒத்துக்கொள்கிறேன், அந்தப் பெருமைக்காகவே நான் பல நாள் படம் பொருத்தினேன்.

அந்தக் கோடையில் மேட்டூர் அணை வெகுவாக வற்றியிருந்தது. தண்ணீர் இறங்கினால் பன்னவாடியில் முழுகிக் கிடக்கும் பழைய நந்தி வெளியே வரும், எங்கள் பக்கத்து ஆட்கள் வண்டி கட்டிக்கொண்டு பார்க்கப் போவார்கள். மாமாவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காரை எடுத்துக்கொண்டு வந்து எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். கரையிலிருந்து நந்தி வரைக்கும் நடந்தே போனோம். வெடித்த சேறு காலடியில் ஓடு மாதிரி நொறுங்கியது. மாமா செருப்பு வார் அறுந்து, இரண்டு செருப்பையும் கையில் தூக்கிக்கொண்டு, சூடு பொறுக்காமல் குதித்துக் குதித்து நடந்தார். அக்கா நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "தண்ணி நடுவால நடக்கறேன் பாரு அம்மிணி, போட்டோப் புடி" என்றார் என்னிடம். எடுத்தேன். அந்தப் படம் என் போனில் இருக்கிறது.

அது நடந்து இரண்டு வாரம் ஆகியிருக்கும். பள்ளிக்கு விடுமுறை. மதியம் இரண்டரை மணிக்கு மாமா போன் செய்தார். கோரை பரப்பியிருக்கிறது, இன்னும் ஒரு வெயில் காய்ந்தால் கட்டிவிடலாம், மேற்கே ஒரு மாதிரி கருக்கிறது, ஆட்கள் நாலு பேரைச் சாப்பாட்டுக்குப் பிறகு நிறுத்திவைத்திருக்கிறேன், அள்ளுவதென்றால் இப்போதே அள்ள வேண்டும் என்றார். இருங்க மாமா, பார்த்துச் சொல்கிறேன் என்று லைனிலேயே வைத்துக்கொண்டு படத்தை இறக்கினேன்.

நெட் நத்தையாக ஊர்ந்தது. முழுப் படம் வர நேரமாகும் என்று நம் பக்கத்துத் துண்டை மட்டும் வெட்டி எடுத்தேன். எப்போதும் நான் கடற்கரையை வைத்துத்தான் பொருத்துவேன். கோடியக்கரை மூக்கு, கன்னியாகுமரி முனை, இவை இரண்டும் உட்கார்ந்தால் நடுவில் உள்ளதெல்லாம் தானாக உட்கார்ந்துவிடும். வெட்டிய துண்டில் கடலே இல்லை. வேறு அடையாளம் தேடினேன். மேட்டூர் அணை தெரிந்தது. படத்தில் தண்ணீர் கருப்பாகத் தெரியும், மேப்பில் அணை நீலமாக வரைந்திருக்கும். கருப்பைப் பிடித்து இழுத்து நீலத்துக்கு நடுவில் வைத்தேன். சின்னக் கருப்பு, பெரிய நீலத்துக்குள் அளவெடுத்த மாதிரி நடுவாக உட்கார்ந்தது. எனக்குத் திருப்தியாகக்கூட இருந்தது.

மேகம் ஈரோட்டுப் பக்கமிருந்து கிழக்கே வந்துகொண்டிருந்தது. என் திரையில் அதன் தென் ஓரம் நாமக்கல்லோடு நின்றது. மோகனூர் சுத்தமாக இருந்தது. மாமாவின் தோட்டத்துக்கு நான் ஒரு சிவப்புப் புள்ளி வைத்திருப்பேன், அதன்மேல் ஒரு துளி வெள்ளை இல்லை.

"அள்ள வேண்டாங்க மாமா, அது வடக்கால போயிரும்" என்றேன்.

"கண்ணுக்கு இங்கயே வர்றாப்பலதான் தெரியுது அம்மிணி."

"கண்ண நம்புவீங்களா, என்னைய நம்புவீங்களா?"

சிரித்தார். "உன்னத்தான் சாமி நம்புறேன்" என்றார். ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

அரை மணி நேரத்தில் மழை பிடித்தது. மாமா தார்ப்பாயை எடுத்துக்கொண்டு தனியாக ஓடினார். அக்கா வாசலில் நின்று, போனால் போகட்டும், வந்திருங்க என்று கத்தியிருக்கிறாள். கோரைக்கு நடுவில் நின்று தார்ப்பாயின் ஒரு முனைக்குக் கல் வைத்துக்கொண்டிருந்தவர்மேல் இடி விழுந்தது. அக்கா அதைப் பார்த்தாள்.

அதற்குமேல் அந்த நாளை என்னால் எழுத முடியவில்லை.

காரியத்துக்கு வந்த உறவுக்காரர்களில் ஒருத்தி என் காதில் விழும்படியே சொன்னாள், இவள் பேச்சைக் கேட்டுத்தானே ஆட்களை அனுப்பினார் என்று. அக்கா மூலையில் உட்கார்ந்திருந்தவள் தலையைத் தூக்கினாள். அத்தனை நாளில் அவள் வாய் திறந்தது அப்போதுதான். "மேகம் தெச மாறி வந்தா அவ என்ன பண்ணுவா? அவளத் தொட்டுப் பேசாதீங்க" என்றாள். எனக்கு அவள் மடியில் விழுந்து அழத் தோன்றியது, விழுந்து அழுதேன். நானும் அப்படித்தான் நம்பினேன். கோடை மேகம் நினைத்த நேரத்தில் திரும்பும், யாரால் என்ன செய்ய முடியும் என்று.

பதினாறு நாள் முடிந்து சேலத்துக்கு வந்தபிறகு மென்பொருளைத் திறந்தேன். மேகம் எந்த இடத்தில் திசை மாறியது என்று பார்க்க வேண்டும் போலிருந்தது. அதே நேரத்துப் படத்தை இந்தத் தடவை முழுசாக இறக்கினேன். கோடியக்கரையையும் கன்னியாகுமரியையும் வைத்துப் பொருத்தினேன். மேகம் திசை மாறவில்லை. மாமா போனில் பேசிக்கொண்டிருந்தபோதே அதன் தென் ஓரம் மோகனூருக்கு நேர் மேற்கே வந்துகொண்டிருந்தது. மேட்டூரைப் பார்த்தேன். கருப்பு, நீலத்தின் தெற்குக் கோடியில் அணைச் சுவரை ஒட்டி ஒண்டிக் கிடந்தது. வடக்கே நீலம் முழுக்கக் காய்ந்த சேறு.

மேப்பில் இருக்கிற நீலம் அணை நிரம்பி நிற்கும்போது வரைந்தது. வற்றிய தண்ணீரைத் தூக்கி நிரம்பிய அணைக்கு நடுவில் வைத்ததால் மொத்தப் படமும் பதினாறு பதினேழு கிலோமீட்டர் வடக்கே ஏறிவிட்டது. அணை வற்றியது எனக்குத் தெரியாதா? தினமும் பேப்பரில் நீர்மட்டம் பார்க்கிறவள் நான். அந்த நீலத்தின்மேல் என் காலால் நடந்தவள். இரண்டே வாரத்துக்கு முன்னால், மாமாவோடு.

என் தலையை நானே சுவரில் மோதிக்கொள்ளலாம் போலிருந்தது. யாருக்கும் தெரியாது, மென்பொருளை மூடிவிட்டால் அது அதோடு போய்விடும் என்றும் தோன்றியது. மூன்று வாரம் அப்படியே மூடித்தான் வைத்திருந்தேன். அக்கா தினமும் சாயங்காலம் போன் செய்வாள். ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு பேச்சில், மேகம் அப்படித் திரும்பும் என்று யார் கண்டது என்பாள். அதைச் சொல்லிச் சொல்லித்தான் அவள் நாளைத் தள்ளினாள். அவள் வானத்தைத் திட்டுவதை ம் ம் என்று கேட்டுக்கொண்டிருக்க முடியாமல்தான் ஒரு நாள் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

காலை வெயிலில் அவள் வாசலில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். நான் பொருத்தியது இது, சரியானது இது என்றேன். மேட்டூரைக் காட்டி விளக்கினேன். குழந்தைகளுக்குப் பாடம் எடுக்கிற என் குரல் எனக்கே அருவருப்பாக இருந்தது. அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"அப்ப மேகம் மாறி வர்ல?"

"வர்லக்கா. வந்த வழிலதான் வந்துச்சு. நாந்தான் தப்பா வெச்சுட்டேன்."

அவள் விரலை நீலத்தின்மேல் வைத்தாள். "பன்னவாடி எது?" என்று கேட்டாள். காட்டினேன். "இங்க ஏது தண்ணி? செருப்பக் கையில எடுத்துட்டு நடந்தாரே" என்றாள். விரலை எடுக்கவில்லை. நான் மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் என்னைப் பார்க்காமலேயே, "இத எங்கிட்டச் சொல்லாமயே இருந்திருக்கலாம் நீ" என்றாள்.

பிறகு உள்ளே போய்ச் சோறு போட்டாள். ரசம் ஊற்றினாள். நான் சாப்பிட்டேன், அவள் எதிரில் உட்கார்ந்திருந்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அவளே ஞாபகப்படுத்தினாள்.

இப்போதும் தினமும் சாயங்காலம் போன் செய்கிறாள். சாப்பிட்டயா, பள்ளிக்கூடம் போனயா என்று கேட்பாள். மேகத்தைப் பற்றியும் வானத்தைப் பற்றியும் ஒரு பேச்சு வராது. போன வாரம் பேசிக்கொண்டிருந்தபோது அவள் குரலுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் சடசடவென்று சத்தம் கேட்டது. அவள் குரலை உயர்த்திப் பேச வேண்டியிருந்தது. கத்திரிக்காய் விலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். மழை பெய்கிறது என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.