தவமலருக்கு நித்திரை வராத வருடங்கள்

எழுபத்துநாலாம் ஆண்டு கோதுமை மாவுக்குத் தட்டுப்பாடு வந்திருந்த காலம். பாலையூற்றுச் சந்தியிலிருந்த கூட்டுறவுச் சங்கக் கடையில் பாண் வாங்க, விடிய நாலு மணிக்கே கியூ தொடங்கிவிடும். அதில் எப்போதும் முதல் ஆளாக நிற்பவள் பூரணி. எவ்வளவு வெள்ளென எழும்பி வந்தாலும் அவளை யாராலும் முந்த முடிந்ததில்லை. "இவவுக்கு நித்திரையே இல்லையோ?" என்று பின்னால் நிற்பவர்கள் பகிடி விடுவார்கள். பூரணி சிரித்துவிட்டுத் திரும்பிக்கொள்வாள். கண்ணுக்குள் மணல் அள்ளிப் போட்டதுபோல எரியும். நித்திரை இல்லாதது அவளுக்கல்ல, இடுப்பிலிருந்த நாலு வயது மகள் தவமலருக்கு.

ஒருநாள் பூரணி நின்றபடியே நித்திரையாகிச் சரிந்து, கடைப் படியில் தாடை அடிபட விழுந்தாள். பின்னால் நின்ற ஜெமீலா பாய்ந்து பிள்ளையைப் பிடித்துக்கொண்டாள். கிண்ணியாவிலிருந்து வந்து அடுத்த வீட்டில் குடியிருந்தவள் அவள். பூரணியை விடப் பத்து வயது மூத்தவள். யாராவது தொட்டாலே வீறிட்டுக் கத்தும் பிள்ளை அன்று ஜெமீலாவின் தோளில் கிடந்து அவளுடைய முக்காட்டு ஓரத்தை விரலால் உருட்டிக்கொண்டிருந்தது.

"எத்தன நாளாத் தூங்கல்ல நீங்க?" என்று ஜெமீலா கேட்டாள்.

"நாலு வருசமா அக்கா" என்றாள் பூரணி. சேலைத் தலைப்பால் தாடை இரத்தத்தைத் துடைத்துக்கொண்டு பாணையும் வாங்கித்தான் வீட்டுக்குப் போனாள்.

தவமலர் கூப்பிட்டால் திரும்பமாட்டாள். "அம்மா" என்று ஒருநாளும் சொன்னதில்லை. கண்ணுக்குக் கண் பார்க்கமாட்டாள். துறைமுகத்தில் கப்பல் ஊதினால் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். இதையெல்லாம் பூரணி எப்படியோ பழகிக்கொண்டாள். பழக முடியாமற் போனது இரவுதான். எட்டு மணிக்குக் கண்மூடும் பிள்ளை பதினொரு மணிக்கு எழும்பிவிடும். பிறகு விடியும்வரை கட்டிலில் தொம் தொம்மென்று குதிக்கும். யன்னல் கொளுக்கியைப் போடும், கழற்றும், போடும், கழற்றும். தடுத்தால் ஊர் கேட்கக் கத்தும். சிலவேளை இருட்டில் தனியாகச் சிரிக்கும். அந்தச் சிரிப்பைக் கேட்ட அயலவர்கள் பேய் பிடித்திருக்கிறது என்றார்கள். நூல் கட்டினார்கள், தண்ணீர் ஓதினார்கள். பிள்ளை நூலை அறுத்தெறிந்துவிட்டுக் குதித்தது.

கணவர் கனகரத்தினம் துறைமுகத்தில் வின்ச் ஓட்டுபவர். கப்பலின் வயிற்றுக்குள்ளிருந்து மா மூட்டைகளைத் தூக்கி மேடையில் இறக்குவது அவருடைய வேலை. அந்த வருடம் சித்திரையில் ஒருநாள் கைப்பிடியில் கையிருக்கக் கண் செருகிவிட்டது. மூட்டைக் கட்டு கீழே நின்ற இரண்டு பேருக்கு ஒரு முழம் தள்ளி விழுந்து வெடித்தது. தலையெல்லாம் மாவாக நின்றவர்கள் அவரை ஏசாமல் மேலே அண்ணாந்து பார்த்தார்கள். இன்னொருமுறை இப்படி நடந்தால் வேலையை மறந்துவிடு என்றார் ஓவசியர்.

வீட்டுக்கு வந்து கனகரத்தினம் சாப்பிடாமல் இருந்தார். பூரணிதான் சொன்னாள்: "நீங்கள் இரவில வேலையாக்களின்ர விடுதியில போய்ப் படுங்கோ. இவளை நான் பாக்கிறன்."

அவர் மறுப்பார் என்று அவள் உள்ளுக்குள் எதிர்பார்த்தாள். அவர் மறுக்கவில்லை. அன்றிலிருந்து பின்னேரம் வந்து சாப்பிட்டுவிட்டு, தலையணையைப் பேப்பரில் சுற்றிச் சைக்கிள் கரியரில் வைத்துக்கொண்டு போய்விடுவார். மனிசன் விட்டுவிட்டுப் போய்விட்டான் என்று ஒழுங்கை முழுக்கக் கதை பரவியது.

ஆவணி மாதம் கப்பல்துறைப் பக்கம் ஒரு மருந்துக்காரர் இருப்பதாக யாரோ சொன்னார்கள். பூரணி பஸ்ஸேறிப் போனாள். அவர் பிள்ளையைத் தொட்டும் பார்க்காமல் மிளகளவு கறுப்புக் குளிசைகள் ஆறு கொடுத்தார். இரவுக்கு ஒன்றைத் தேனில் கரைத்துக் கொடுக்கச் சொன்னார்.

கொடுத்தாள். ஏழரை மணிக்குத் தவமலர் நித்திரையானாள். பதினொன்றானது, எழும்பவில்லை. பன்னிரண்டானது. பூரணிக்கு நம்ப முடியவில்லை. பிள்ளைக்குப் பக்கத்தில் சரிந்தவள், அடித்துப்போட்ட மாதிரித் தூங்கினாள்.

கண் விழித்தபோது முற்றத்தில் வெயில் ஏறியிருந்தது. உடம்பு பஞ்சுபோல இருந்தது. சந்தோசமாக ஒருமுறை சோம்பல் முறித்தாள். அதற்குப் பிறகுதான் பிள்ளையைத் திரும்பிப் பார்த்தாள். வாய் திறந்து கிடந்தது. உதட்டில் ஒரு நீலம். கையைத் தூக்கி விட்டாள், துணிபோல விழுந்தது. மூச்சு இருந்தது, ஆனால் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் அவள் சாமியை இரண்டுதரம் கூப்பிட முடிந்தது.

அவள் போட்ட சத்தத்தில் ஜெமீலா ஓடி வந்தாள். இருவருமாகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீதிக்கு ஓடி, வந்த லொறியொன்றை மறித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

பிள்ளை கண் திறக்க அன்று மாலையாகிவிட்டது. கனகரத்தினம் வேலை உடுப்போடு வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றார். பூரணி யாரையும் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சோம்பல் முறித்தது மட்டும் திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தது.

அங்கே சீமையில் படித்துவிட்டு வந்த ஒரு இளம் டொக்டர் இருந்தார். அவர் மிச்சக் குளிசைகளை வாங்கி மணந்து பார்த்தார். "அபின் கலந்திருக்கு. இன்னும் ஒண்டு குடுத்திருந்தால் பிள்ளை இல்லை" என்றார். பிறகு கதிரையை இழுத்துப் போட்டு இருந்துகொண்டு, பிள்ளை பிறந்ததிலிருந்து எல்லாவற்றையும் கேட்டார். அப்படி ஒருவரும் அதுவரை கேட்டதில்லை.

"இதுக்கு ஓட்டிசம் எண்டு பேர். பேயுமில்லை, பைத்தியமுமில்லை. உங்கட பிழையுமில்லை. இப்பிடிப் பிள்ளையளில கனபேருக்கு நித்திரை சரியா வராது."

"மாத்தலாமோ டொக்டர்?"

"மாத்துற மருந்து என்னட்டை இல்லை. பொய் சொல்லமாட்டன். ஒவ்வொரு நாளும் ஒரே நேரம், ஒரே ஒழுங்கில எல்லாம் செய்து பாருங்கோ. குளிப்பு, சாப்பாடு, விளக்குக் குறைக்கிறது, படுக்கை. ஒண்டையும் மாத்தாதேங்கோ. பகலில தூங்க விடாதேங்கோ. அறையில ஏறி விழக்கூடிய சாமான் வைக்காதேங்கோ. முக்கியமா, அம்மா நித்திரை கொள்ளவேணும். ஒரு ஆளால இது ஏலாது." கடைசி வசனத்தைச் சொன்னபோது அவர் கனகரத்தினத்தைத்தான் பார்த்தார்.

வீட்டுக்கு வந்த கிழமை கனகரத்தினம் தலையணையைத் திருப்பிக் கொண்டுவந்தார். அதற்கு முன்னமே ஓவசியரிடம் போய் வின்ச் வேண்டாம், கிட்டங்கி வாசல் கேற்றில் நிற்கும் வேலை தாருங்கள் என்று கேட்டிருந்தார். பதினொரு வருடம் வின்ச்சில் இருந்த மனிதன் கேற்றில் நின்று லொறி நம்பர் எழுதுவதைப் பார்த்துக் கூட்டாளிகள் சிரித்தார்கள். சம்பளமும் குறைந்தது. அவர் பூரணியிடம் சொன்னது இவ்வளவுதான்: "கேற்றில நான் நித்திரையானால் ஒருத்தரும் சாகமாட்டினம். ரெண்டு மணி வரைக்கும் நீ முழிச்சிரு, பிறகு நான்."

விடுதிக்குப் போனதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்காத அந்தக் கேள்வி வெகுகாலம் அவர்களுக்கு நடுவில் கிடந்தது.

புரட்டாதியில் ரமழான் நோன்பு தொடங்கியது. முதல் நாள் பின்னேரம் ஜெமீலா வேலியடிக்கு வந்தாள்.

"தங்கச்சி, விடியமுன்னம் சாப்பிடுற ஸஹர் சாப்பாடு ஆக்க நான் எப்புடியும் ரெண்டு மணிக்கு எழும்புறதானே. புள்ளய இஞ்ச தாங்க. ரெண்டு பேரும் கொஞ்சம் தூங்குங்க."

"கத்துவாள் அக்கா. குதிப்பாள்."

"எங்கட வீட்ட அந்த நேரம் எல்லாரும் முழிப்புத்தான். கத்தினா என்ன?"

அந்த மாதம் முழுவதும் தவமலர் ஜெமீலாவின் குசினியில் அடுப்புக்குத் தள்ளி ஒரு பலகையில் இருந்து நெருப்பைப் பார்த்தாள். இரண்டு நாள் சோற்றுப் பானையைத் தட்டிக் கொட்டினாள். ஒருநாள் ஜெமீலாவின் கையைக் கடித்து இரத்தம் வந்தது. பூரணி அழுதுகொண்டு மன்னிப்புக் கேட்கப் போனாள். ஜெமீலா கையில் மஞ்சள் பூசிக்கொண்டு, "நாளைக்கும் கொண்டு வாங்க" என்றாள்.

டொக்டர் சொன்ன ஒழுங்கு மெல்ல மெல்லத்தான் வேலை செய்தது. ஆறு மாதத்தில் மூன்று மணி நேரம் நாலானது. பிறகு ஒரு காய்ச்சல் வந்து எல்லாம் குலைந்து இரண்டுக்கு விழுந்தது. திரும்பத் தொடங்கினார்கள். வீட்டுக்கு வெள்ளையடித்ததில் ஒழுங்கு குலைந்து ஒரு மாதம் போனது. திரும்பத் தொடங்கினார்கள்.

எண்பத்தொன்றில் தவமலருக்குப் பதினொரு வயது. "தண்ணி", "போ", "அக்கா" என்று மூன்று சொல் வந்திருந்தது. அந்த "அக்கா" ஜெமீலாவைத்தான். "அம்மா" இன்னும் வரவில்லை. பள்ளிக்கூடங்கள் அவளைச் சேர்க்கவில்லை. நல்ல இரவில் ஐந்து மணி நேரம் தூங்கினாள். கெட்ட இரவுகளும் இருந்தன. முப்பத்தாறு வயதில் பூரணிக்குத் தலை பாதி நரைத்திருந்தது.

அப்படியொரு கெட்ட இரவில், கனகரத்தினம் முகம் கழுவிக்கொண்டு வந்தபோது பூரணி கேட்டாள்: "எங்களுக்குப் பிறகு ஆர் இவளோட முழிச்சிருப்பினம்?"

அவர் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு மணிக்கூட்டைப் பார்த்தார்.

"ரெண்டு மணியாச்சு. நீ போய்ப் படு" என்றார்.

அவள் போய்ப் படுத்தாள். அறைக்குள் தவமலர் குதிப்பதும், அவளுக்குப் பக்கத்தில் கனகரத்தினம் ஒவ்வொரு குதிப்பையும் மெதுவாக எண்ணிக்கொண்டிருப்பதும் கேட்டது.