வீட்டைப் பார்க்க வருகிற ஆள்

அரியலூர்க்காரர்களுக்கு சிமெண்டு காற்றிலேயே கிடைக்கும். காயப்போட்ட துணி, சோற்றுப்பானை மூடி, ஆட்டின் முதுகு, எங்கே கை வைத்தாலும் ஆலைப் புழுதிதான். அப்பா அந்த ஆலைக்குத்தான் சுண்ணாம்புக்கல் வெட்டினார். ஆனால் எழுபதுகளின் கடைசியில் எங்களுக்கு நாலு மூட்டை வேண்டுமென்றால் தாலுகா ஆபீஸில் மனுப் போட்டு, பெர்மிட்டுக்குக் காத்துக் கிடக்க வேண்டும். சிமெண்டு அப்போது சர்க்கார் பிடியில் இருந்தது.

எங்கள் தெருவில் காரை வீடு என்று ஒன்றுகூடக் கிடையாது. தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் வயலில் உழைத்தவர்கள் நாங்கள். அப்பா செங்கல்லை மண் குழைத்து அடுக்கிச் சுவர் எழுப்பிவிட்டார். மழைக்கு முன்னால் அதைப் பூசிவிட வேண்டும் என்பதே அவருக்குப் பேச்சும் மூச்சும்.

மனுவை விசாரிக்க ஆள் வருவதாகத் தகவல் வந்தது. இல்லாதவனாகத் தெரிந்தால்தான் சர்க்கார் மனம் இரங்கும் என்று எங்கள் தெருவில் எல்லாரும் நம்பினார்கள். அப்பா அம்மாவின் தோட்டைக் கழற்றச் சொன்னார். பெஞ்சைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய்ப் போட்டார். தான் கிழிந்த வேட்டியோடு நின்றார். பத்தாவது படித்துக்கொண்டிருந்த எனக்கும் பொத்தான் இல்லாத சட்டைதான்.

வந்தவர் கேட்காமலே அடுப்படி வரை போனார். அம்மாவை ஏற இறங்கப் பார்த்தார்.

"கட்டிக்கத் துணியில்ல, உனக்கு எதுக்குய்யா சிமெண்டு? வாங்கி வெளில விக்கவா?"

"ஆமாங்க... இல்லீங்க" என்று அப்பா உளறினார்.

பெர்மிட் வரவில்லை. ஐப்பசி மழையில் தெற்குச் சுவர் சரிந்தது. அந்தப் பக்கத்தைத் தட்டி வைத்து அடைத்துக் காலம் தள்ளினோம். எனக்கு அந்த ஆள் மேல் கோபம் வரவில்லை, அப்பா மேல்தான் வந்தது. நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

எண்பதுகளில் கட்டுப்பாடு தளர்ந்து, கடைகளிலேயே சிமெண்டு அடுக்கி விற்றார்கள். இனி காசு இருந்தால் போதும், யார் காலையும் பிடிக்க வேண்டாம், நாமும் வெளிநாடு மாதிரி ஆகிவிடுவோம் என்று ஊரெல்லாம் பேச்சு. பெரம்பலூரில் வாத்தியாராகச் சேர்ந்திருந்த நானும் நம்பினேன். அப்பாவைக் கடைக்கு அழைத்துப் போனேன். கல்யாணங்களுக்கு மட்டும் கட்டுகிற வேட்டியும் இஸ்திரி போட்ட சட்டையுமாக வந்தார். மூட்டைகளை வண்டியில் ஏற்றி முடித்ததும் கடைக்காரர் முன்னால் கைகட்டி நின்றார்.

"வூட்டைப் பாக்க எப்ப வருவீங்க சார்?"

"நான் எதுக்குப் பெரியவரே வரணும்? காசு குடுத்துட்டீங்க, எடுத்துட்டுப் போங்க."

கடையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் நானும் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்தால், வாசலில் பெஞ்சு துடைத்துப் போட்டிருந்தது. அம்மா தோடு போட்டுக்கொண்டு, நல்ல புடவையில் நின்றாள். எங்கள் வண்டிக்குப் பின்னால் தெருவை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"ஆளு வரலியா?"