ஒரு காதில் பாட்டு

வில்லியனூர் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தவருக்கு ஒரு காதில் எப்போதும் இயர்போனில் பாட்டு ஒலிக்கும். மூன்று பேரின் விண்ணப்பங்களைத் திரையில் திறந்துவைத்து, போனிலும் பேசிக்கொண்டிருப்பார்.

என் மகளின் நர்சிங் விண்ணப்பத்துக்கு அன்றே கடைசி நாள். அனுப்பிவிட்டால் திருத்த முடியாது. அவர் அனுப்பப் போன நொடியில் நான் திரையைப் பார்த்தேன்.

"தம்பி, என் பொண்ணுக்கு மீசை இருக்குதே!"

மகளின் பெயருக்குப் பக்கத்தில், பயிர்க் காப்பீட்டுக்காக என் பின்னால் காத்திருந்த விவசாயியின் படம். அந்த விவசாயியும் எட்டிப் பார்த்தார்.

"இன்னாபா, என்னை நர்ஸ் ஆக்கிட்டியா? வூட்ல சொன்னா நம்ப மாட்டாளே!"

கடைக்காரர் சிரிக்கவில்லை. "எல்லாம் பழகிப்போச்சுன்னு நெனச்சேன்க்கா" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனை வைத்தார், பாட்டை நிறுத்தினார், மற்ற விண்ணப்பங்களை மூடினார். சரியான படத்தை ஏற்றி, ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படித்த பிறகே அனுப்பினார். ஏற்கப்பட்டது என்று திரையில் வந்ததும் எனக்கு உயிர் வந்தது.

வாசலில் திரும்பிப் பார்த்தேன். பாட்டு மறுபடியும் காதில் ஏறியிருந்தது. விவசாயி இயர்போனை உருவித் தன் காதில் மாட்டிக்கொண்டார்.

"பாட்ட நான் கேக்கறேன். நீ என் வேலய பாருபா."

கடைக்காரர் சிரித்தார். அவர் முகத்தை அப்போதுதான் முழுதாகப் பார்த்தேன்.