மேட்டில் இருப்பவர்கள் எழுந்திருக்கலாம்

பேருந்து நிலையத்தில் அவருக்கு ரேடியோ என்று பெயர். டிரைவர்கள் வைத்தது. நிலையத்தின் மாடியில், கையை நீட்டினால் இரண்டு பக்கச் சுவரும் தட்டுப்படுகிற அறையில் உட்கார்ந்து, எந்த வண்டி எங்கே நிற்கிறது, எது தாமதம், யாருடைய பை கேட்பாரற்றுக் கிடக்கிறது என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பது அவர் வேலை. ஊரில் பாதிப் பேருக்கு அவர் குரல் தெரியும், முகம் தெரியாது. காய்கறிக் கடையில் அவர் வாயைத் திறந்தால் பக்கத்தில் நிற்பவர் திடுக்கிட்டுத் தன் பெட்டியைத் தேடுவார்.

வீட்டிலும் அதே குரல்தான். “சாப்பாட்டு மேசைக்கு இன்னும் வந்து சேராதவர்களின் அன்பான கவனத்திற்கு” என்று அவர் ஆரம்பித்தால், மகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு, ஒலிபெருக்கியின் கரகரப்பையும் சேர்த்து அதை அப்படியே திருப்பிச் சொல்வாள். மனைவி இருந்த இடத்தைவிட்டு அசையமாட்டாள்.

“ஊரே உங்க பேச்சைக் கேக்குது. நான் ஒருத்தி கேக்கலேன்னா என்ன குறைஞ்சிடப் போகுது?”

கூட்டத்தோடு பேசுவதில் அவராகக் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. ‘பயப்படாதீர்கள்’ என்று சொன்னால், பயப்பட ஏதோ இருக்கிறது என்று கூட்டம் புரிந்துகொள்ளும். அதனால் செய்யக்கூடாததைச் சொல்லவே கூடாது. செய்யவேண்டியதை மட்டும் சொல்லவேண்டும், அதுவும் ஒன்றை மட்டும். அடுத்ததைச் சொல்லும்வரை மைக்கை விட்டு நகரக்கூடாது. நிலையத்தில் ஒருமுறை ஒரு பேருந்தின் இன்ஜின் தீப்பிடித்தபோது இப்படித்தான் வரிசை வரிசையாக ஆட்களை வெளியே அனுப்பினார். ஒருவருக்கும் சிராய்ப்புகூட இல்லை. அந்தப் பேர்தான் அவரைப் பழைய விமானங்களின் காட்சிக்கு அறிவிப்பாளராகக் கொண்டுபோய் நிறுத்தியது.

ஊருக்கு வெளியே சின்ன விமானத் திடல். ஓடுபாதையின் ஒரு பக்கம் வாகனம் நிறுத்துமிடம், நடுவில் நாற்காலிகள், மறுகோடியில் புல் வளர்ந்த நீண்ட மேடு. இவருக்கு மரக் கம்பங்கள்மேல் ஒரு பரண் கட்டிக் கொடுத்திருந்தார்கள். ஒலி அமைப்பு மச்சினனுடையது. கல்யாண வீடுகளுக்கும் கூட்டங்களுக்கும் ஸ்பீக்கர் கட்டுகிறவன். ஒயர்களுக்கு நடுவே காலை மடக்கி உட்கார்ந்திருந்தான்.

“மாமா, இன்னிக்காவது மேடை நாலு, மேடை அஞ்சுன்னு சொல்லிடாதீங்க. விமானம் குழம்பிடும்.”

காலையில், முதலில் பறக்கவிருந்த பழைய விமானத்தின் விமானி பரணுக்கு ஏறி வந்து இவரோடு டீ குடித்தார். தலை முழுக்க நரைத்த, ஒல்லியான மனிதர். கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டே சொன்னார்: “எனக்கும் வயசாச்சு, அதுக்கு என்னைவிட வயசாச்சு. ரெண்டு பேரையும் கொஞ்சம் மரியாதையா அறிமுகப்படுத்துங்க சார்.”

மனைவியும் மகளும் பின்னால் வந்து சேர்ந்தார்கள். வெயிலில் நாற்காலி சுடும், மேட்டில் உட்கார்ந்தால் விமானம் தலைக்கு மேலேயே திரும்பும் என்று இவர் சொன்னார். மனைவி மேட்டையும் இவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“சரி, ஒரு தடவை நீங்க சொல்றதைக் கேட்டுத்தான் பார்ப்போமே. நல்லா இல்லேன்னா வீட்டுக்கு வாங்க, இருக்கு.”

மகள் போகிறபோக்கில் மூக்கைப் பிடித்துக்கொண்டு, “மேட்டுக்குச் செல்லும் பயணிகளின் அன்பான கவனத்திற்கு” என்றாள். மேட்டின் உச்சியில் போய் உட்கார்ந்து அவள் கையாட்டியது இவருக்குத் தெரிந்தது. மஞ்சள் சட்டை. அதை வைத்துத்தான் அடையாளம்.

பழைய விமானம் வெள்ளைப் புகையைக் கோடாக இழுத்துக்கொண்டு கூட்டத்துக்கு முன்னால் தாழப் பறந்தது. இன்ஜின் சத்தம் நெஞ்சுக்குள் கேட்டது. இவருக்கும் உற்சாகம் தொற்றிக்கொண்டது.

“பாருங்க, எவ்வளவு தாழ்வா வர்றாரு பாருங்க! நல்லாக் கை தட்டுங்க!”

விமானம் மேட்டுக்கு மேலே ஏறித் திரும்பியது. ஓர் இறக்கை சாய்ந்தது. அது நிமிரும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். நிமிரவில்லை. யாரோ கீழிருந்து சுண்டி இழுத்ததுபோல மேட்டுக்குப் பின்னால் போய் மறைந்தது. மாடிப்படியிலிருந்து இரும்பு பீரோ உருண்ட மாதிரி ஒரு சத்தம் வந்தது. மேட்டுக்குப் பின்னாலிருந்து புகை எழுந்தது. இந்தப் புகை கறுப்பு.

கூட்டம் கை தட்டிக்கொண்டிருந்தது. அதையும் காட்சி என்று நினைத்துவிட்டார்கள். தட்டச் சொன்னவர் இவர்தான். கைத்தட்டல் ஒரு மூலையில் நின்றது, பிறகு இன்னொரு மூலையில், கடைசியாக யாரோ ஒருவர் மட்டும் தனியாகத் தட்டிவிட்டு நிறுத்தினார். முதல் அலறல் அதற்கப்புறம்தான் கேட்டது.

இவர் மேட்டைப் பார்த்தார். புகைக்கு முன்னால் ஆட்கள் எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள். மஞ்சள் சட்டை தெரியவில்லை.

காட்சிக்குப் பொறுப்பாளரான அம்மா ஒருவர் படியேறி ஓடிவந்தார். கையில் வாக்கிடாக்கி இரைந்துகொண்டிருந்தது.

“எல்லாரையும் உட்கார வைங்க. முக்கியமா மேட்டுல இருக்கிறவங்களை. மேட்டு அடிவாரத்தைச் சுத்தித்தான் பாதை போகுது. தீயணைப்பு வண்டிக்கு வேற வழியே இல்ல. அவங்க இறங்கினா நேரா அந்தப் பாதையிலதான் வந்து விழுவாங்க.”

“நெருப்பு அந்தப் பக்கம்தானே இருக்கு?”

“வெறும் நிலத்துல இருக்கு. நடுவுல பாதை இருக்கு.”

“காத்து?”

ஓடுபாதையோரம் கம்பத்தில் காற்றின் திசை காட்டும் துணிப்பை தொங்கியது. காலையிலிருந்து சோம்பிக் கிடந்த பை இப்போது பாதி நிமிர்ந்து, வாலை மேட்டுக்கு எதிர்ப்பக்கமாக நீட்டிக்கொண்டிருந்தது. காற்று நெருப்பிலிருந்து மேட்டை நோக்கி வீசியது. அந்த அம்மாவும் அதைப் பார்த்தார். வாக்கிடாக்கியைக் காதில் வைத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டார்.

மச்சினன் எழுந்து நின்றான்.

“மாமா, அக்கா அங்கதான் இருக்கா. பாப்பா இருக்கா. ஓடச் சொல்லுங்க மாமா.”

“எல்லாரும் ஓடினா மிதிபட்டே செத்துருவாங்க.”

“எல்லாரையும் பத்தி எனக்கு என்ன? என்கிட்ட குடுங்க, நான் சொல்றேன்!”

மைக்கின் கழுத்தை அவன் பிடித்தான். இவர் விடவில்லை. ஒரு கணம் இருவரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டு நின்றார்கள். ஸ்பீக்கரில் ‘கீய்ங்’ என்று ஓர் ஓசை கிளம்ப, திடலே காதைப் பொத்திக்கொண்டது. அவன் கையை எடுத்துவிட்டு, ஒயர்களுக்கு நடுவே உட்கார்ந்து முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

இவர் பொத்தானை அழுத்தினார்.

“அனைவரின் அன்பான கவனத்திற்கு. எங்கே நிற்கிறீர்களோ அங்கேயே உட்காருங்கள். மேட்டில் இருப்பவர்களும் உட்காருங்கள்.”

குரல் எப்போதும் போல வந்தது. அதுதான் அவரை இன்னும் பயமுறுத்தியது. உடம்பு கிடுகிடுவென்று ஆட, குரல் மட்டும் வேறு யாருடையதோ போல நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது.

நடுவில் இருந்தவர்கள் உட்கார்ந்தார்கள். பிறகு மேட்டில், காற்றடித்த பயிர் மாதிரி, ஒரு பக்கமிருந்து தலைகள் தாழ்ந்துகொண்டே போயின. புகை சாய்ந்து மேட்டின்மேல் படுத்தது. அதற்கப்புறம் மேடே தெரியவில்லை.

உட்காருங்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நெருப்பு பாதையைத் தாண்டிப் புல்லில் ஏறினால் என்ன ஆகும் என்று உள்ளே ஒருவன் கேட்டுக்கொண்டே இருந்தான். காய்ந்த புல். காலையில் அதன்மேல் உட்கார்ந்தால் குத்தாது என்று மகளிடம் சொன்னதும் இவர்தான். செல்போனில் மச்சினன் அக்காவை அழைத்துப் பார்த்தான். போகவில்லை. மறுபடியும் அழைத்தான்.

தீயணைப்பு வண்டி மணியடித்துக்கொண்டு காலியான பாதையில் போனது. பின்னால் ஆம்புலன்ஸ். கறுப்புப் புகை மெல்ல மெல்ல வெளுத்தது. கீழேயிருந்து அந்த அம்மா கையைக் காட்டினார்: அனுப்பலாம். அவர் முகத்தைப் பார்த்ததுமே விமானியைப் பற்றிக் கேட்கத் தேவையில்லாமல் போயிற்று.

முதலில் வாகனம் நிறுத்துமிடத்துப் பக்கம் இருந்தவர்களை எழச் சொன்னார். அவர்கள் போனதும் நடுவில் இருந்தவர்களை. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு, சத்தமில்லாமல் போனார்கள். நடுப்பகுதி காலியாகிக்கொண்டிருந்தபோது பரணில் கிடந்த விமானியின் டீக் கோப்பை இவர் காலில் இடறியது. அடியில் கொஞ்சம் டீ மிச்சமிருந்தது.

அவ்வளவுதான். மைக்கை அப்படியே போட்டுவிட்டுப் படியில் தடதடவென்று இறங்கினார். மச்சினன் அவரை முந்திக்கொண்டு ஓடினான்.

மேட்டின்மேல் புகை நாற்றமும் எண்ணெய் நாற்றமும் அடித்தன. புல் பற்றவில்லை. பாதைக்கு அந்தப் பக்கம் தரை கறுத்துக் கிடந்தது. அங்கே நின்றிருந்த தீயணைப்பு ஆட்களில் ஒருவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். அதற்குமேல் இவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

மேட்டில் அத்தனை பேரும் உட்கார்ந்திருந்தார்கள். கரி படிந்த முகங்கள், மூக்கில் துணி. இவர் ஓடிவருவதைப் பார்த்தும் யாரும் எழவில்லை. ஓடி வருகிற இந்த ஆள் யாரென்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

உச்சியில் மனைவி, மகளைத் தன் மடிக்குள் சுருட்டிப் பொத்தி வைத்திருந்தாள். மஞ்சள் சட்டை அவள் துப்பட்டாவுக்குள் மறைந்திருந்தது. மச்சினன் பக்கத்தில் விழுந்து அழுதுகொண்டிருந்தான். அவள் அழவில்லை.

“எந்திரி” என்றார் இவர். “ஏன் இன்னும் உட்கார்ந்திருக்கே?”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கண்கள் செக்கச்செவேலென்று சிவந்திருந்தன.

“எந்திரிக்கலாம்னு நீங்க இன்னும் சொல்லலையே.”

இவருக்கு அப்போதுதான் உறைத்தது. முதல் பகுதியை அனுப்பினார். நடுப்பகுதியை அனுப்பினார். மூன்றாவதாக இவர்களுக்குச் சொல்லவேண்டியதைச் சொல்லாமல் ஓடிவந்துவிட்டார். இத்தனை பேரும் புகையில் இருமிக்கொண்டு அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்திருக்கிறார்கள்.

திரும்பி நின்று சொல்ல வாயைத் திறந்தார். குரல் வரவில்லை. மறுபடி முயன்றார். காற்றுதான் வந்தது. பரணில் ஆடாமல் நின்ற அந்தக் குரல் எங்கே போயிற்றென்றே தெரியவில்லை.

மகள் அம்மாவின் துப்பட்டாவை விலக்கிக்கொண்டு எழுந்தாள். அப்பாவைப் பார்த்தாள். மூக்கைப் பிடித்துக்கொள்ளவில்லை.

“மேட்டில் இருப்பவர்களின் அன்பான கவனத்திற்கு” என்று கத்தினாள். குரல் நடுவில் உடைந்தது. “நீங்க எல்லாரும் எழுந்திருக்கலாம்.”

யாரும் சிரிக்கவில்லை. ஒரு கிழவர் கையை ஊன்றி எழுந்தார். பிறகு அவருக்குப் பக்கத்தில் இருந்தவர்கள். இறங்கிப் போகும்போது பலர் அவள் தலையைத் தொட்டுவிட்டுப் போனார்கள்.

ரேடியோ மறுபடியும் மாடி அறைக்கு வேலைக்குப் போகிறார். குரல் திரும்பிவிட்டது. யாரையாவது எங்காவது காத்திருக்கச் சொன்னால், அவர்கள் போகலாம் என்று சொல்லும்வரை டீகூடத் தொடுவதில்லை. ‘கை தட்டுங்க’ என்று யாராவது மைக்கில் சொல்லிக் கேட்டால் எழுந்து வெளியே போய்விடுகிறார். அந்த விமானி கடைசியாகக் கேட்ட மனிதச் சத்தம் அந்தக் கைத்தட்டலாக இருக்குமோ, இல்லை இன்ஜின் சத்தத்தில் எதுவுமே கேட்டிருக்காதோ என்று அவருக்குத் தெரியாது. மரியாதையாகத்தானே அறிமுகப்படுத்தினேன் என்று மச்சினனிடம் மட்டும் இரண்டு மூன்று தடவை கேட்டிருக்கிறார்.

மனைவி ஒரே ஒரு முறைதான் அதைப் பற்றிப் பேசினாள். துணி மடித்துக்கொண்டிருந்தவள், தலையைத் தூக்காமலே கேட்டாள்.

“நெருப்பு மேட்டுல ஏறியிருந்தா, அப்பவும் உட்காருங்கன்னுதான் சொல்லியிருப்பீங்களா?”

இவர் மகளின் மஞ்சள் சட்டையை எடுத்து மடிக்க ஆரம்பித்தார். மடிப்பு சரியாக வரவில்லை. அவள் அதை அவர் கையிலிருந்து வாங்கி மறுபடி மடித்தாள். அப்புறம் அவள் கேட்கவில்லை.

ஆனால் இப்போதெல்லாம் எங்கே போனாலும், உட்காரும் இடத்தை அவள்தான் பார்த்து எடுக்கிறாள். எப்போதும் வாசலை ஒட்டிய இடம். மகளை ஓரத்தில் உட்கார வைக்கிறாள். இவர் போய் அவர்களுக்கு உள்பக்கம் உட்கார்ந்துகொள்கிறார்.