மஞ்சள் காப்பு கட்டி வைத்த எட்டு நாள்

வெள்ளிக்கிழமை பூசைக்கு வரும் அக்கா தங்கச்சிமாருக்கு எழுதுவது. அம்மன் உனக்குச் செய்ததை எழுதித் தா, திருவிழா மலரில் போடுகிறோம் என்று கேட்டீர்கள். எழுதுகிறேன். சர்க்கரைப் பொங்கல் மாதிரி இனிப்பாக இருக்காது. வெட்டாமல் போடுவதென்றால் போடுங்கள்.

என் புருஷனை உங்கள் எல்லோருக்கும் தெரியும். வருஷம் தவறாமல் பறவைக்காவடி எடுப்பவன். முதுகில் கொக்கி மாட்டி டிராக்டரில் தொங்கிக்கொண்டு வரும்போது அவன் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி விழுந்து கும்பிட்டீர்கள். கைக்குழந்தையைத் தூக்கிக் கொடுத்துத் திருநீறு பூசச் சொன்னீர்கள். "அவர்" என்று எழுதத்தான் பார்த்தேன். கை வரவில்லை.

அந்தத் திருநீறு பூசிய கையிடம் ஏழு வருஷம் அடி வாங்கினேன். உப்பு கூடினால் அடி, குறைந்தால் அடி. விரத நாட்களில் மட்டும் அடிக்கமாட்டான். உடம்பு சுத்தமாக இருக்க வேண்டுமாம்! விரதம் முடிந்த மறுநாள் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுப்பான். ஒரே லயத்தில், பக்கத்துக் காம்பரா வீடுகளில் இருந்த நீங்கள் டீவி சத்தத்தைக் கூட்டி வைத்தீர்கள். அதையும் நான் மறக்கவில்லை.

போன வருஷம் பொங்கல் முடிந்த வாரம் விறகுக் கட்டையால் அடித்தான். என் இடது கை முறிந்தது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட கையோடு பொலிசுக்குப் போய் முறைப்பாடு கொடுத்தேன். மகள் தாரணியைக் கூட்டிக்கொண்டு மேல் லயத்தில் அக்கா வீட்டுக்கு வந்துவிட்டேன். மூன்றாம் நாள் அவன் பள்ளிக்கூடத்துக்குப் போனான். அம்மாவுக்குச் சுகமில்லை என்று டீச்சரிடம் சொல்லிப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். அவளுக்கு ஆறு வயது.

பாசத்தில்தான் கொண்டுபோனான் என்று எனக்கு ஆறுதல் சொன்னவர்கள் உண்டு. அந்தப் பிள்ளைக்கு ஒரு நாள் தலை சீவிவிட்டவன் இல்லை. எந்த வகுப்பு என்று கேட்டால் தெரியாது. என் முதுகு அவன் கைக்கு எட்டாமல் போய்விட்டது, அவ்வளவுதான். தூரத்திலிருந்து அடிக்க அவனுக்கு ஏதாவது வேண்டியிருந்தது, பிள்ளையை எடுத்தான். மறுநாள் போன் வந்தது.

"கேச வாபஸ் வாங்கு. வாங்குனா புள்ள வரும்."

அதோடு போனை அணைத்துவிட்டான். பொலிசில் சொன்னேன். பெத்த அப்பன் கொண்டுபோனால் அது கடத்தலா என்று மேசைக்குப் பின்னால் இருந்தவர் சிரித்தார். மொனராகலையில் இருக்கும் நாத்தனாருக்குப் போன் போட்டேன். "சத்தியமா இங்க வரல" என்றாள். அந்த வீட்டில் சத்தியம் என்பது வெற்றிலை போடுகிற மாதிரி, மென்று துப்பிவிடுவார்கள்.

பதுளையில் ஒரு லோயர் அம்மா எனக்காக வழக்குப் போட்டார். யாழ்ப்பாணத்துக்காரர். பிள்ளையைத் தாயிடம் ஒப்படைக்கச் சொல்லி நீதவான் உத்தரவு போட்டார். ஆனால் பிள்ளை எங்கே?

"உத்தரவு கையிலை இருக்கு. பிள்ளை எங்கை எண்டு மட்டும் அறிஞ்சு சொல்லுங்கோ, மிச்சத்தை நான் பாக்கிறன்" என்றார்.

கோயில் கமிட்டித் தலைவரிடம் போய் அழுதேன். ஊரில் அவருக்குத் தெரியாமல் ஒரு சேவல் கூவாது.

"எங்களுக்கு எப்புடிம்மா தெரியும்? கொழும்புப் பக்கம் போயிருப்பாரு. நீ கோர்ட்டு கீர்ட்டுனு அலையாம, அம்மனுக்கு வெளக்கப் போட்டுட்டு அடங்கி இரு. எல்லாம் சரியாப் போயிரும்."

கொழும்பில் அவன் முன்பு வேலை செய்த கடை வாசலில் இரண்டு நாள் நின்றேன். இல்லை. திரும்பி வந்தபோது, இனி உயிரோடு இருந்து என்ன செய்வது என்று கூட நினைத்தேன். சோறு இறங்கவில்லை. தாரணியின் ஒற்றைச் செருப்பு அக்கா வீட்டு வாசலிலேயே கிடந்தது. அதை எடுத்து வைக்கவும் மனமில்லை, பார்க்கவும் மனமில்லை.

பங்குனி முதல் வெள்ளி, நேராக அம்மன் முன்னால் போய் நின்றேன். விளக்குப் போடவில்லை. அடங்கியும் இருக்கவில்லை.

"ஆத்தா, அவன் முதுகுல குத்துன கொக்கிதான் ஒன் கண்ணுக்குத் தெரியுதா? எங் கை ஒடிஞ்சது தெரியலையா? எம் புள்ள இருக்குற எடத்தக் காட்டு. காட்டுற வரைக்கும் ஒன் வாசப்படிய மிதிக்க மாட்டேன்."

சொன்னபடியே கொடியேற்றத்துக்கும் நான் போகவில்லை. அன்று மத்தியானம் மலையில் தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தேன். கோயில் ஒலிபெருக்கி மலை முழுக்கக் கேட்டது. கமிட்டிக்காரர்களுக்கு மைக் கையில் கிடைத்தால் வாய் நிற்காது அல்லவா?

"மொனராகலை கரும்புத் தோட்டத்திலிருந்து, தன் நேர்த்திக்கடனைச் செலுத்துவதற்காக வருகை தந்து, சற்றுமுன் காப்புக் கட்டிக்கொண்ட பறவைக்காவடிச் செல்வர்..." என்று அவன் பெயரைச் சொன்னார் தலைவர்.

பக்கத்து நிரையில் நின்ற செல்வி, "அடியே, ஒம் புருஷன் பேருடி!" என்று கத்தினாள்.

கொழும்பு என்று எனக்குச் சொன்ன அதே வாய். காவடிக்கு ஆள் குறைந்துவிடக் கூடாது என்று அவனுக்குப் போன் போட்டு அழைத்ததும் அந்த வாய்தான் என்று பிறகு தெரிந்தது. இத்தனை நாளும் எல்லாம் தெரிந்துகொண்டே இருந்திருக்கிறார்கள். பெருமையடிக்கப் போய் ஊருக்கே நாத்தனார் வீட்டு விலாசத்தைச் சொல்லிவிட்டார்கள். அம்மன் பேசுவதற்கு அந்தப் பொய் வாயையே எடுத்துக்கொண்டாள்.

இன்னொன்றும் செய்திருந்தாள். காப்புக் கட்டியவர்கள் எட்டாம் நாள் அவிழ்க்கும்வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. பொலிசுக்கும் கோர்ட்டுக்கும் பயப்படாதவன், ஒரு மஞ்சள் நூலுக்குப் பயந்தான். நேர்த்தியை விட்டால் அம்மன் கண்ணைப் பிடுங்குவாள் என்று பயம். பெண்டாட்டி கையை ஒடித்ததற்குப் பிடுங்கமாட்டாள் என்று தைரியம். இவனுடைய பக்தியின் அளவு அவ்வளவுதான்.

கூடையைச் செல்வியிடம் கொடுத்துவிட்டு அப்படியே பதுளைக்கு ஓடினேன். மறுநாள் காலை லோயர் அம்மாவோடு பசறை மலைப்பாதை வளைவுகளில் வாந்தி எடுத்துக்கொண்டே மொனராகலைக்குப் போனேன். அங்கே பொலிசில் உத்தரவைக் காட்ட, ஒரு பெண் பொலிஸ் எங்களோடு வந்தார்.

நாத்தனார் வீட்டு முற்றத்தில் தாரணி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் ஓடிவரவில்லை. பயந்து பின்னால் போனாள்.

"நீ செத்துப் போகலையா?" என்று கேட்டாள்.

அப்படிச் சொல்லி வைத்திருந்தார்கள். என்னை அடித்த அடியெல்லாம் ஒன்றுமில்லை, சகோதரிகளே. அந்த ஒரு கேள்விதான் அடி. பெண் பொலிசுக்குத் தமிழ் தெரியாது. பிள்ளை என்ன சொன்னது என்று கேட்டார். சிங்களத்தில் சொன்னேன். நாத்தனாரிடம் அதற்குப்பிறகு அவர் மரியாதையாகப் பேசவில்லை.

அதே நேரம் இங்கே தோட்டத்தில் நடந்ததைச் செல்வி சொன்னாள். நாத்தனாரின் போன் வந்ததும் அவன் எல்லைப் பாலத்துக்கு ஓடியிருக்கிறான். பஸ் வந்தது. ஒரு காலைப் படியில் வைத்துவிட்டுக் கையில் இருந்த காப்பைப் பார்த்தானாம். தலைவரே ஓடிவந்து அவன் கையைப் பிடித்திருக்கிறார்.

"காப்போட எல்லையத் தாண்டாதீங்க சாமி, தெய்வக் குத்தமாயிரும்."

கால் இறங்கியது. பஸ் போய்விட்டது. ஒளித்து வைத்தவர்களே பிடித்தும் வைத்தார்கள். நானே அம்மனிடம் இவ்வளவு நன்றாகக் கேட்டிருக்கமாட்டேன்.

காவடி நாள், டிராக்டர் மேல் லயத்து வழியாக வந்தது. நானும் தாரணியும் வாசலில் நின்றோம்.

"அப்பாவுக்கு முதுகு வலிக்காதாம்மா?"

"வலிக்காதுன்னுதான் சொல்றாங்க. எனக்கு வலிச்சுச்சு."

குடத்துத் தண்ணீரை அவன் காலில் ஊற்றவில்லை. செம்பருத்திச் செடிக்கு ஊற்றினேன். காப்பு அவிழ்த்த அன்று பொலிஸ் வந்து அவனைக் கூட்டிக்கொண்டு போனது. வழக்கு நடக்கிறது. அவன் எங்கள் பக்கம் வரக் கூடாது என்று பாதுகாப்பு உத்தரவு இருக்கிறது. தாரணி இரண்டாம் வகுப்பு. இப்போதும் காலையில் எழுந்தவுடன் என் மூக்கில் கை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்க்கிறாள். அதுவும் ஒரு நாள் மாறும், அம்மன் இருக்கிறாள்.

இந்த வருஷம் பால்குடம் எடுத்தேன். "தாயி, நீங்க முன்னால வாங்க" என்று தலைவர் வழிவிட்டார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

உங்களில் மூன்று பேர் தனித்தனியாக வந்து லோயர் அம்மாவிடம் போகிற வழியைக் கேட்டீர்கள். பெயர் எழுதமாட்டேன், பயப்படாதீர்கள். அம்மனை நம்புங்கள். கெஞ்ச வேண்டாம், சண்டை போட்டே கேளுங்கள், அவள் கோபித்துக்கொள்ளமாட்டாள். ஆனால் அவள் வழி காட்டியதும் கூடையை இறக்கிவிட்டு ஓட வேண்டியது நீங்கள்தான். மற்றவர்களுக்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன். பக்கத்துக் காம்பராவில் அடிக்கிற சத்தம் கேட்டால், இந்த முறை டீவியை நிறுத்துங்கள்.