யாரும் மிதிக்காத எழுத்து

லான்ச்சிக்கு எழுத்து அழகாக வராது. துணி ஆலையில் தறி ஓட்டிய கை அது. அறுந்த நூலைக் கண் மூடித் திறப்பதற்குள் முடிச்சுப் போட்டுவிடும், தூரிகையைக் கொடுத்தால் துடைப்பம் மாதிரி பிடிக்கும். எழுத்தெல்லாம் புருஷன் தெஹாயோடு சரி. சீனாவின் ஆன்யாங் நகரப் பூங்காவில், நீளக் காம்புத் தூரிகையைத் தண்ணீரில் தோய்த்து அவர் கல்தரையில் எழுத ஆரம்பித்தால், நடைபயிற்சிக்காரர்கள் நடையை மறந்து நிற்பார்கள்.

அந்த மனிதரைப் பக்கவாதம் அடித்துப் போட்டது. கால் தேறிவிட்டது, நடந்தால் போதும் என்றார் மருத்துவர். கோணின வாயோடு ஊரார் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று தெஹாய் கட்டிலே கதியாகக் கிடந்தார். என்ன வீம்பு பாருங்கள்!

கஷாயச் சக்கையைத் தெருவில் கொட்டினால், மிதித்துப் போகிறவர்கள் காலோடு நோயும் போய்விடும் என்பது அங்கே வழக்கம். லான்ச்சியும் கொட்டினாள். குடியிருப்புக் காவலாளி, யாராவது வழுக்கி விழுந்தால் நீயா பொறுப்பு என்று கத்திவிட்டுக் கூட்டித் தள்ளினான். அப்போதுதான் அவளுக்கு ஒரு யோசனை உதித்தது. சக்கையைத்தானே கொட்டக் கூடாது, நோயையே எழுதிப் போட்டால்?

மறுநாள் காலையில் தூரிகையோடு போய், நடைபாதை நடுவில் பாய் அகலத்துக்கு 'நோய்' என்று எழுதினாள்: 病. ஒருத்தராவது மிதிக்க வேண்டுமே! பறவைக் கூண்டோடு வந்த பெரியவர் சுற்றிக்கொண்டு போனார். நடனமாட வந்த பெண்கள், விடிந்ததும் என்ன பீடை இது என்று புல்லில் இறங்கி நடந்தார்கள். தினமும் எழுதினாள், தினமும் அது முழுசாகக் கிடந்தே வெயிலில் காய்ந்தது. சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

பொறுக்க முடியாமல், நடனக்காரிகளில் ஒருத்தி நேரே தெஹாயிடம் வந்து முறையிட்டாள். உங்கள் மனைவி நடைபாதையில் நோயை எழுதிவைக்கிறாள், அதுவும் கோழி கிளறின மாதிரி என்றாள். முதல் பாதி அவர் காதில் ஏறவே இல்லை.

அடுத்த நாள் லான்ச்சி எழுதி முடிக்கும்போது பின்னால் கைத்தடிச் சத்தம் கேட்டது. இரவு உடுப்பின் மேலே கோட்டை மாட்டிக்கொண்டு, மூச்சு வாங்க, தெஹாய் நின்றார். பூங்காவே பார்த்தது. அவர் தரையை மட்டும் பார்த்தார்.

"ஏய் கெழவி, இது என்ன கண்றாவி?"

"நோய்தான்."

"இதுவா? நம்ம ஊரு மண்ணுல தோண்டி எடுத்த மூவாயிரம் வருஷத்து எலும்புல அந்தக் காலத்துக்காரன் எப்படிக் கீறி வச்சிருக்கான் தெரியுமா? கட்டில் மேல ஒருத்தன் படுத்திருக்கான், வேர்த்துக் கொட்டுது. அவன்தான் தேஞ்சு தேஞ்சு மேல இந்தக் கோடா ஆயிட்டான். இந்த ரெண்டு புள்ளியும் கட்டில் காலு. இதே கட்டில்ல அம்பு பட்டவனைப் போட்டா அது வேற எழுத்து, சாதா நோய். இது ஆளையே சாய்க்கிற நோய். நீ போட்ட கட்டில்ல அவன் உருண்டுல்ல விழுவான்!"

கூட்டம் சிரித்தது. வாய் கோணி வார்த்தை குழறியதை யாரும் கண்டுகொள்ளவில்லை, அவரும் மறந்துபோனார். தூரிகையை இடது கையில் பிடுங்கிக்கொண்டு, அப்பால் இருந்த காய்ந்த கல்லைப் பார்த்து நேராக நடந்தார். ஊரே சுற்றிப் போன எழுத்தின் மேல் அவருடைய ஈரச் செருப்புத் தடங்கள் வரிசையாகப் பதிந்தன. கட்டில், மனிதன், வேர்வை எல்லாம் கலைந்து போயின.

லான்ச்சிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கண்ணிலிருந்து தண்ணீராகக் கொட்டியது.

"எதுக்குடி சிரிக்கிற?"

"ஒண்ணுமில்ல கெழவா. நீ நட."