கால் சுற்று

அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் இப்போது யாரும் இல்லை. தொழிற்சாலையில் மில்லிமீட்டர், சபையில் மில்லிமீட்டர், கோபம் வந்தால் கட்டிய மனைவிக்கும் மில்லிமீட்டர்தான். பட்டம் சும்மா வந்ததில்லை. மற்றவர்கள் சட்டைப்பையில் பேனா வைத்திருப்பார்கள், இவர் அளவெடுக்கிற வெர்னியர் வைத்திருப்பார். யார் வீட்டுக்குப் போனாலும் உட்காருவதற்கு முன் நாற்காலியை ஒரு தடவை ஆட்டிப் பார்ப்பார். "இந்தக் கால் ரெண்டு மில்லிமீட்டர் கம்மி" என்று சொல்லி, ஒரு காகிதத்தை மடித்து அடியில் சொருகிய பிறகுதான் கொடுத்த காப்பியைத் தொடுவார்.

வேலை, பிளாஸ்டிக் தொழிற்சாலையில் அச்சு செய்வது. இருமல் மருந்துப் புட்டியின் தலையில் ஒரு சின்ன அளவுக் கிண்ணம் கவிழ்ந்திருக்குமே, அது அவர் கடைந்த அச்சில் பிறந்தது. எந்த வீட்டில் யார் இருமினாலும் அதில் தனக்கும் கொஞ்சம் பங்கு உண்டு என்று நினைக்கிற மனிதர். இருபத்தாறு வருடத்தில் அவர் செய்த ஓர் அச்சும் திருத்தத்துக்குத் திரும்பி வந்ததில்லை. அது அவர் பெருமை. பெருமையை வாய்க்குள் வைத்துக்கொள்ளத் தெரியாதது அவர் குறை. எல்லா வம்பும் அந்தக் குறையில்தான் தொடங்கியது.

சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. எல்லாரும் வரிசையாக வருவார்கள். போதகர் கையில் ஒரே வெள்ளிப் பாத்திரம். ஒருவர் ஒரு மிடறு திராட்சரசம் குடித்ததும் போதகர் விளிம்பை வெள்ளைத் துணியால் துடைப்பார், பாத்திரத்தைக் கொஞ்சம் திருப்புவார், அடுத்தவருக்கு நீட்டுவார். பக்தி உள்ளவர்கள் அந்த நேரத்தில் கண்ணை மூடிக்கொள்வார்கள். மில்லிமீட்டர் திறந்து வைத்திருந்தார்.

ஒரு ஞாயிறு மதியம் அக்கா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவருக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"ஐயா ஒவ்வொரு தடவையும் சரியா கால் சுத்து திருப்புறாரு. மூணு மாசமா பாக்குறேன். பிசகுறதே இல்ல."

"அதனால என்ன?" என்றாள் அக்கா.

"நாலு கால் சுத்து ஒரு முழுச் சுத்து. அப்ப மொதல் ஆள் வாய் வச்ச அதே இடத்துல அஞ்சாவது ஆள் வாய் வைக்கிறாரு. ரெண்டாவது ஆள் இடத்துல ஆறாவது ஆள். அவ்வளவுதான் கணக்கு."

வாய்க்குப் போய்க்கொண்டிருந்த அக்காவின் கை பாதி வழியில் நின்றது. இன்று காலை வரிசையில் தனக்கு முன்னால் யார் யார் நின்றார்கள் என்று விரலை மடக்கிப் பார்த்தாள். நாலு பேருக்கு முன்னால் நின்றவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். முப்பது வருடம் எச்சில் தொட்டு டிக்கெட் கிழித்தவர். அவர் ஓய்வுபெற்றாரே தவிர அவருடைய இருமல் ஓய்வுபெறவில்லை. அக்கா எழுந்து போய் மூன்று தடவை வாய் கொப்பளித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

அக்கா நல்லவள்தான். ஆனால் அவள் காதில் விழுந்த விஷயமும் ஊர் காதில் விழுந்த விஷயமும் ஒன்று. அடுத்த திருவிருந்துக்குள் சபையில் முக்கால்வாசிப் பேருக்குக் கணக்கு அத்துப்படியாகிவிட்டது. கண்டக்டர் வரிசையில் போய் நின்றதும் அவரோடு சேர்த்து எண்ணி அஞ்சாவது இடத்தில் ஒரு பள்ளம் விழும்.

"நீங்க மொதல்ல போங்க."

"பரவால்ல, நீங்க போங்க. உங்களுக்கு முட்டி வலி."

"முட்டி இன்னைக்கு நல்லா இருக்கு. நீங்க போங்க."

இதைப் பார்த்துப் போதகருக்கு உள்ளம் பூரித்துவிட்டது. அடுத்த வாரப் பிரசங்கமே அதுதான். இருபது வருட ஊழியத்தில் ஒருவருக்கொருவர் இப்படி இடம் விட்டுக்கொடுக்கிற அன்பைத் தான் கண்டதே இல்லை என்று குரல் தழுதழுக்கச் சொன்னார். சபை முழுவதும் தலை குனிந்து தரையைப் பார்த்தது. அதையும் அவர் தாழ்மை என்று எடுத்துக்கொண்டார்.

மில்லிமீட்டருக்கு அப்போது இதெல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது. கேட்டவர்களுக்கு எல்லாம் படம் வரைந்து விளக்கினார். அந்த வேடிக்கை தன் வீட்டு வாசலுக்கு வரும் என்று அவர் கண்டாரா?

அவர் மனைவி பாடகர் குழுவில் இரண்டாம் குரல் பாடுகிறவள். அந்த வருடக் கடைசியில் அவளுடைய கீழுதட்டில் ஒரு வெள்ளைப் புள்ளி வந்தது. பிறகு மேலுதட்டில் ஒன்று. டாக்டர் பார்த்துவிட்டு, "இது யாருக்கும் ஒட்டாதும்மா. தோல்ல நிறம் போகுது, வேற ஒண்ணுமில்ல" என்றார். இதை அவள் சபையில் எல்லாருக்கும் சொன்னாள். எல்லாரும் தலையாட்டினார்கள். ஒட்டாதுதான், எங்களுக்குத் தெரியாதா என்றார்கள். அடுத்த முதல் ஞாயிறு அவளிடமிருந்து எண்ணி அஞ்சாவது ஆளாக வந்து மாட்டிக்கொண்டவள் அக்கா. திடீரென்று அக்காவின் கைக்குட்டை கீழே விழுந்தது. மூன்று பேர் அவளைத் தாண்டிப் போகும்வரை அவளால் அதைப் பொறுக்கி எடுக்க முடியவில்லை.

மனைவி அதைத் திரும்பிப் பார்த்தாள். அடுத்த மாதம் தானாகவே வரிசையின் கடைசிக்குப் போய் நின்றுகொண்டாள். அவளுக்குப் பிறகு குடிக்க, மிச்சத்தைக் குடித்து முடிக்கிற போதகர் மட்டும்தான். மாதா மாதம் அப்படியே நடந்தது. மில்லிமீட்டருக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. அவள்மேல் அந்தக் கணக்கை ஏவிவிட்டவர் அவர்தானே. சொன்ன சொல்லைத் திரும்ப விழுங்க முடியாது. ஆனால் கணக்கே இல்லாமல் செய்துவிடலாம் என்று அவருக்குத் தோன்றியது. ஆளுக்கொரு சின்னக் கிண்ணம் கொடுத்துவிட்டால் யார் யாரை எண்ணுவார்கள்? அவளும் எல்லாரையும் போல நடுவில் உட்கார்ந்து குடிக்கலாம்.

காரணத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சுகாதாரம் என்று மட்டும் சொன்னார். அந்தச் சொல்லுக்கு எதிராக எந்தக் குழுவிலும் கை தூக்க முடியாது. அதிலும் அக்கா சபைக் குழுவில் இருந்தாள், கண்டக்டருக்கு இரண்டு நாற்காலி தள்ளி.

முதலாளியிடம் கேட்டு ஒரு பழைய இரும்புக் கட்டியை வாங்கிக்கொண்டார். மதியச் சாப்பாட்டு இடைவேளையில் சாப்பிடாமல் அதைக் கடைந்தார். கிண்ணத்தின் வாய் இருபத்தாறு மில்லிமீட்டர், உயரம் முப்பத்திரண்டு. உதட்டைக் கீறாமல் இருக்க விளிம்பு உருண்டை. தட்டில் கவிழாமல் இருக்க அடி கனம். எல்லாருக்கும் ஒரே அளவில் ஊற்ற வேண்டுமே என்று உள்பக்கம் ஒரு கோடும் '5 மி.லி.' என்ற எழுத்தும். நாலு மாதம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கிண்ணங்கள் அணிவகுத்து நின்றன. அவரும் மனைவியும் மாற்றி மாற்றித் தண்ணீர் ஊற்றிக் குடித்துப் பார்த்தார்கள்.

"எத்தனை தடவைங்க? வயிறு ரொம்பிடுச்சு," என்றாள் அவள்.

"இன்னும் ஒரே ஒரு விளிம்பு. இதைக் குடிச்சுட்டுச் சொல்லு."

எல்லாவற்றையும் அளந்த மனிதர் ஒன்றை மட்டும் அளக்கவில்லை. சோதனைக்கு வந்தவை இரண்டே மூக்குகள், இரண்டும் சப்பை.

அக்காவின் மூக்கு அப்பாவின் மூக்கு. வீட்டில் அந்தச் சொத்து அவளுக்கு மட்டும்தான் வந்தது. நல்ல நீளம், நுனியில் ஒரு வளைவு. அடுத்தவர் விஷயம் எதிலும் தடையில்லாமல் நுழைந்து பழகிய மூக்கு அது.

புதுக் கிண்ணத்தின் முதல் ஞாயிறு வந்தது. வரிசை கிடையாது. தட்டுகள் இருக்கை இருக்கையாகக் கை மாறின. எல்லாரும் ஆளுக்கொரு கிண்ணத்தை வைத்துக்கொண்டு போதகரின் சொல்லுக்குக் காத்திருந்தார்கள். மில்லிமீட்டரின் மனைவி நடுவில் உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்த்து அவருக்குக் கண் கலங்கியது. அந்த அமைதியில் கண்டக்டர் தன் கிண்ணத்துக்குள் இருந்த எழுத்தைப் படித்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாகக் கேட்டார்.

"சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

போதகர் தலையசைத்ததும் எல்லாரும் குடித்தார்கள். உடம்புக்குப் பழைய ஞாபகம் போகுமா? பாதிப் பேர் முகம் இருமல் மருந்து குடித்த மாதிரி சுளித்தது. இரண்டு பேர் தண்ணீர் எங்கே என்று தேடினார்கள். அக்காவுக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. உதடு விளிம்பைத் தொடுவதற்குள் மூக்கு நுனி எதிர்விளிம்பில் போய் முட்டிக்கொண்டது. ரசம் அடியிலேயே நின்றது. தலையைச் சாய்த்தாள், வரவில்லை. இன்னும் சாய்த்தாள். கூரையைப் பார்க்கிற அளவுக்குச் சாய்த்தபோது மொத்தமும் ஒரே பாய்ச்சலில் வந்தது, வாய்க்கு அல்ல, மூக்குக்கு. அவள் போட்ட தும்மலில் பாடகர் குழுவின் தாள்கள் பறந்தன. கிண்ணம் கையை விட்டுக் கிளம்பி, மூன்று இருக்கை தாண்டிக் கண்டக்டரின் மடியில் போய் விழுந்தது.

கண்டக்டர் அதை எடுத்து, தன் கைக்குட்டையால் துடைத்து, மரியாதையாகத் திருப்பி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் மனைவி சுவரில் சாய்ந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். இந்த ஒரு வருடத்தில் அவள் அப்படிச் சிரித்து அவர் பார்க்கவில்லை. அதில் தைரியம் வந்து, மனதில் இருந்ததைச் சொன்னார்.

"மூக்கு வெறும் அச்சு வேலை, எதிர்விளிம்பை வெட்டி எறக்கினா போதும், சரி பண்ணிடலாம். மத்தது நடந்துச்சில்ல? இனிமே யாரும் யாரையும் எண்ண வேண்டியதில்ல. நீ நடுவுல உக்காந்து குடிச்ச."

அவள் சிரிப்பு மெல்ல நின்றது.

"எனக்காகத்தான் செஞ்சீங்கன்னு தெரியும். ஆனா ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. முன்னாடியாவது என்னை ஒதுக்கணும்னா உங்க அக்கா கைக்குட்டையைக் கீழ போடணும், கொஞ்சம் வெக்கப்படணும். இனிமே அதுவும் வேண்டாம். எல்லாருக்கும் வசதியா பண்ணிக் குடுத்துட்டீங்க."

"நான் ஒதுக்கினேனா? மாசா மாசம் கடைசியில உன் பக்கத்துலயேதானே நின்னேன்?"

"எனக்கு முன்னாடி நின்னீங்க," என்றாள் அவள், உள்ளே போய்விட்டாள்.

அப்படி நினைத்து நிற்கவில்லை என்று சத்தியம் செய்ய வாயைத் திறந்தார். சத்தியம் வரவில்லை. கடைசிக்கு முந்தின இடம் எது, கடைசி இடம் எது என்பது உலகத்தில் யாருக்குத் தெரியாமல் போனாலும் அவருக்குத் தெரியாமல் போகுமா? அந்த வாரம் தொழிற்சாலையில் ஒரு மூடியின் அச்சில் இரண்டு மில்லிமீட்டர் தவறு செய்தார். மேற்பார்வையாளர் திட்டவில்லை. பயந்துபோய் அவரை ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டு வரச் சொன்னார்.

சபைக் குழு கூடியது. பாதிப் பேருக்குச் சின்னக் கிண்ணம் வேண்டும், பாதிப் பேருக்குப் பழைய பாத்திரம் வேண்டும். போதகர் இரண்டையும் வைத்தார். வலதுபக்கம் ஒரு மேசையில் கிண்ணங்கள், இடதுபக்கம் பாத்திரத்தோடு அவர். யாருக்கு எது மனமோ அங்கே போகலாம்.

அடுத்த முதல் ஞாயிறு, முதலில் எழுந்தவர் கண்டக்டர். "என் இருமல் என்னோட இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வலதுபக்கம் போனார். அவருக்கு அந்தக் கிண்ணம் பெரிய நிம்மதி என்று முகத்தில் தெரிந்தது. அவர் பின்னால் வரிசை சேர்ந்தது. பழைய பாத்திரம்தான் வேண்டும் என்று குழுவில் மேசையைத் தட்டியவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு வலதுபக்கமே நின்றார்கள். இடதுபக்கம் போதகர் மட்டும் தனியாக நின்றுகொண்டிருந்தார்.

பாடகர் குழுவிலிருந்து மில்லிமீட்டரின் மனைவி எழுந்தாள். நேராக இடதுபக்கம் போனாள்.

மில்லிமீட்டர் அப்போது வலதுபக்க வரிசையில் பாதி தூரம் வந்திருந்தார். தன் கிண்ணத்தைத் தானே எடுக்காவிட்டால் ஊர் என்ன சொல்லும்? காதெல்லாம் சூடேறியது. இருந்தாலும் வரிசையை விட்டு விலகினார். எல்லாரும் பார்க்க, நடுப்பாதையைக் கடந்து, அவள் பின்னால் போய் நின்றார்.

அவள் குடித்தாள். போதகர் விளிம்பைத் துடைத்தார். இருபது வருடப் பழக்கத்தில் அவர் மணிக்கட்டு தானாகத் திரும்ப ஆரம்பித்தது.

"ஐயா, திருப்பாதீங்க," என்றார் மில்லிமீட்டர்.

"என்னது?"

"திருப்ப வேண்டாம். அங்கயே இருக்கட்டும்."

போதகருக்குப் புரியவில்லை. மில்லிமீட்டரே கை நீட்டிப் பாத்திரத்தைப் பிடித்து, திரும்பின அளவுக்குப் பின்னால் திருப்பி வைத்தார். அவள் வாய் வைத்த அதே இடத்தில் வாய் வைத்துக் குடித்தார். மனைவி தன் இடத்துக்குப் போகாமல் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நகருடா," என்று பின்னால் ஒரு குரல் கேட்டது. அக்கா. வலதுபக்கம் அவளுக்கு வேலை இல்லை, மூக்கு இன்னும் அதே மூக்குதான். கைக்குட்டை இடுப்பில் பத்திரமாகச் சொருகியிருந்தது. போதகர் இப்போது பாத்திரத்தைத் தொடவே பயந்தார்.

"திருப்பட்டுமா, வேண்டாமா?"

அக்கா தம்பி மனைவியை ஒரு தடவை பார்த்தாள். பார்த்த பார்வையில் கைக்குட்டை விஷயம் மொத்தமும் இருந்தது.

"எனக்கு என்ன கணக்கா தெரியும்? அப்படியே குடுங்க ஐயா," என்றாள்.

வீட்டுக்கு நடந்து போகும்போது, தெரு திரும்புகிற இடத்தில் மில்லிமீட்டருக்கு அடக்க முடியவில்லை.

"நீ குடிச்ச இடத்துல விளிம்பு கொஞ்சம் தேஞ்சிருக்கு. அரை மில்லிமீட்டர் இருக்கும்."

"அதையும் அளந்தாச்சா?"

"உதட்டுல தெரிஞ்சுது. வெர்னியர் இல்லாம சரியா சொல்ல முடியாது."

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அடுத்த மாசமும் பாத்துச் சொல்லுங்க," என்றாள்.